மேகமலையும் மீனவர் ஊரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கடலே இல்லாத தேனி மாவட்டத்தில் மீனவர் ஊரைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் ஐயம், தலைப்பைக் கண்டவுடன் எழுவது இயல்பே. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவருக்கு நீர் என்றால் முல்லையாறு. கரை என்றால் கண்மாய்க்கரை. ஆயினும் கடலோரத்து மீனவர் ஊர் ஒன்றிற்கு நேர்ந்தது இங்குள்ள மலையூர் ஒன்றிற்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு கூட்டத்தார் உழைத்து வாழ்ந்த ஊர், மற்றொரு கூட்டத்தார் ஓய்வெடுக்கும் ஊராக மாறும்போது, முன்னவரின் நிலை என்னவாகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஏஜியன் கடற்கரையில்

கிரேக்க நாட்டின் கடலோரச் சிற்றூர்களை இன்று உலகமே படங்களில் கண்டு அறிந்திருக்கிறது. சுண்ணாம்பு பூசிய வெண்ணிற வீடுகள், நீலக் கதவுகள், சிறு துறை, அதில் அசையும் வண்ணப் படகுகள் ஆகியவை அப்படங்களில் தவறாது இடம்பெறும். ஆனால் அவ்வூர்கள் அழகுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. மீன் பிடித்தும், ஒலிவக் காய் பறித்தும், கலிம்னோஸ் போன்ற தீவுகளில் மூச்சடக்கி மூழ்கிக் கடற்பஞ்சு எடுத்தும் பிழைத்த மக்கள் கட்டிய ஊர்கள் அவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிழைப்புத் தேடி அவ்வூர் இளைஞர்கள் செர்மனிக்கும் ஆத்திரேலியாவிற்கும் அமெரிக்காவிற்கும் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டுச் சென்றனர். ஊர்கள் வெறிச்சோடின. அந்நிலையில், 1960களிலும் 1970களிலும் வெயிலைத் தேடி வந்த வட ஐரோப்பியப் பயணியர் அத்துறைகளில் வந்து இறங்கினர்.

அப்போது நிகழ்ந்தது எளிமையான மாற்றமே. மீனவக் குடும்பங்கள் தம் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வாடகைக்கு விட்டன. காலையில் பிடித்த மீனை மாலையில் துறையோரத்தில் மேசையிட்டுச் சமைத்துப் பரிமாறின. வலை ஏற்றிய படகு பகற்பொழுதில் பயணியரை ஏற்றி அருகிலுள்ள விரிகுடாக்களுக்குச் சென்றுவந்தது. வீடும் படகும் மீனவர்க்கே உரியவையாக இருந்தமையால், வந்தவர் கொடுத்த காசு நேரே அவ்வீட்டு அடுப்பங்கரைக்குச் சென்று சேர்ந்தது. இந்த ஒரு செய்தியை அவையோர் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

கதை அத்தோடு நின்றுவிடவில்லை. கடலில் மீன்வளம் குன்றியமையால், மீன்பிடிப் படகுகளின் எண்ணிக்கையைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் 1990கள் முதல் ஒரு திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. உரிமத்தைத் திருப்பியளித்துப் படகை உடைக்க இசைந்தவர்க்கு இழப்பீடு வழங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கையால் கட்டப்பட்ட 'கயீக்கி' என்னும் மரப்படகுகள் ஆயிரக்கணக்கில் கரையிலேயே இயந்திரங்களால் நொறுக்கப்பட்டன. துறையின் அழகுக்குக் காரணமான படகு, பட அட்டையில் மட்டும் எஞ்சத் தொடங்கிற்று. மறுபுறம், வருவோர் தொகையோ கட்டுக்கடங்காமற் போயிற்று. 2025ஆம் ஆண்டின் கோடையில் சாந்தோரினி, மிக்கோனோஸ் தீவுகளில் உல்லாசக் கப்பலிலிருந்து இறங்குவோர்க்குத் தலைக்கு 20 யூரோ கட்டணம் விதிக்கும் நிலை அங்கே உருவாயிற்று.

நிலமும் செய்தியும்

இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ளத் தமிழர்க்கு வேற்று நாட்டுக் கோட்பாடு ஒன்றும் தேவையில்லை. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்தில் தோன்றி வளரும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். அக்கருப்பொருள் வரிசையில் மக்களின் தொழிலும் ஒன்று. அதற்கு அவர் வழங்கிய பெயர் 'செய்தி' என்பதாகும். செய்யப்படுவது எதுவோ அதுவே செய்தி. நெய்தல் என்பது வெறும் கடலும் மணலும் அன்று. மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் சேர்ந்தே அது நெய்தலாகிறது. குறிஞ்சி என்பது வெறும் மலையும் மழையும் அன்று. தினை காத்தலும் தேன் எடுத்தலும் அதற்குள் அடங்கும்.

அகப்பாடல்களின் தலைவன் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருபவன். இன்றைய வழக்கில் அவனை ஒரு பயணி எனலாம். ஆனால் அவன் தலைவியைச் சந்திப்பது எங்கே? மலையில் என்றால், அவள் தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டிருக்கும் இடத்தில். கடற்கரையில் என்றால், காயும் மீனைக் கவரவரும் பறவைகளை அவள் விரட்டிக்கொண்டிருக்கும் இடத்தில். பிறர் வேலை செய்துகொண்டிருக்கும் நிலத்திற்குள் அவன் நுழைகிறான். தினை கொய்து முடிந்துவிட்டால் தலைவி வீடு திரும்பிவிடுவாள். அதன்பின் வெறும் புனத்தில் அவனுக்குச் சந்திப்பும் இல்லை. செய்தி முடிந்த நிலம் வருவோனுக்கும் பயன்படாது என்பதைப் பழம்புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

தமிழ்நாட்டு நெய்தலிலும் இதற்குச் சான்று உண்டு. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம் ஒரு மீனவர் ஊர். 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. அங்கே மீனவ இளைஞர்கள் வருவோர்க்கு அலைச்சறுக்குப் பயிற்சி அளிக்கின்றனர். அலையின் போக்கை அறியும் அறிவு மீன் தொழிலிலிருந்து வந்தது. செய்தி வேறு வடிவம் கொண்டதே ஒழிய, அதைச் செய்வோர் மாறவில்லை.

இவ்வளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திரும்புதல் வேண்டும்.

அருவியும் அணையும் பந்தலும்

இப்பள்ளத்தாக்கிற்கு வெளியூரார் வருவது புதிதன்று. சுருளி அருவிக்கு மக்கள் தலைமுறைகளாக வந்தவண்ணம் உள்ளனர். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றி, அருவியில் நீராடித் திரும்புகின்றனர். அது வழிபாட்டு வருகை. வருவோர்க்கு அங்கே ஒரு கடமை இருந்தது. அதனை முடித்துத் திரும்ப ஒரு கால எல்லையும் இருந்தது.

வண்ணாத்திப்பாறையிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. தமிழக-கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் அமைந்த அக்கோயிலுக்குச் சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டுமே பக்தர்கள் அனுமதிக்கப்படுகின்றனர். கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து நடந்தும், குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறியும் அன்று ஆயிரக்கணக்கானோர் செல்வர். மறுநாள் மலை மீண்டும் காடாகிவிடும்.

தேக்கடியின் வரலாறு வேறு வகையானது. பெரியாற்றின் குறுக்கே பென்னிகுயிக் பொறுப்பேற்றுக் கட்டிய அணை 1895ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீரைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்புவதற்காக உருவான நீர்ப்பரப்பே இன்றைய தேக்கடி ஏரி. காடு மூழ்கியபோது பட்டுப்போன மரங்களின் அடிமரங்கள் இன்றும் நீருக்கு மேலே நீண்டு நிற்கின்றன. 1934இல் அதனைச் சூழ்ந்த காடு வேட்டை விலங்குகளின் சரணாலயம் ஆயிற்று. 1978இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. படகில் செல்லும் பயணி அதே நீரை அமைதியான ஏரியாகவும் யானை நீரருந்த வரும் இடமாகவும் காண்கிறார்.

மலைக்குக் கீழே உள்ள உழவர் அந்நீரைக் காணும் முறையோ வேறு. "இன்றைக்கு எத்தனை அடி?" என்பதே அவர் கேட்கும் கேள்வி. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி அந்த விடையைப் பொறுத்தது. 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014ஆம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த நாளில் இங்கே வெடித்த பட்டாசு, ஏரியின் அழகுக்காக வெடித்தது அன்று. ஒருவர்க்கு ஓய்வாகத் தோன்றும் நீர் மற்றொருவர்க்கு உயிர்ப்பொருளாக இருக்கிறது. அந்நீரின் மேல் ஓய்வும் ஆபத்தற்றது அன்று என்பதை 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்னும் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்ட துயரம் உணர்த்திற்று.

தேக்கடியில் பாராட்டத்தக்க செயல் ஒன்றும் நிகழ்ந்தது. காட்டில் திருட்டுத்தனமாக வயணப்பட்டை உரித்து விற்றுவந்தவர்களை, 1990களின் இறுதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் கேரள வனத்துறை ஒன்றுதிரட்டி, பயணியரைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாக ஆக்கிற்று. காட்டை அறிந்தவரே காட்டைக் காட்டுபவரும் ஆயினர். பயணி தந்த காசில் அவர்க்கும் பங்கு கிடைத்தது.

குமுளி சாலையில் இரு மருங்கும் காணப்படும் திராட்சைப் பந்தல்களும் இத்தகையவையே. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர் வட்டாரங்களில் விளையும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருப்பது இதன் தனிச்சிறப்பு. தேக்கடிக்குச் செல்லும் வண்டிகள் வழியில் நிற்கின்றன. பயணியர் பந்தலின்கீழ் நடந்து, குலைகளைத் தொட்டுப் பார்த்துப் படமெடுத்து, இரண்டு கிலோ வாங்கிச் செல்கின்றனர். பக்கத்து வரிசையில் கவாத்தும் மருந்தடிப்பும் நடந்துகொண்டே இருக்கும். பந்தல் உழவருடையது, ஆகவே காசும் உழவருடையது. ஏஜியன் கடற்கரையில் மீனவர் வீட்டு அறைக்கு இருந்த அதே சிறப்பு இப்பந்தலுக்கும் உண்டு.

மேகமலை

இனி மலைமேல் ஏறலாம். சின்னமனூரிலிருந்து கிழக்கே திரும்பினால் வாழையும் தென்னையும் திராட்சையும் கடந்து அடிவாரம் வரும். அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிற்கும் ஒரு தமிழ்ப் பூவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தை அடையும்போது தேயிலைச் சரிவுகளும் அவற்றிடையே நீர்த்தேக்கங்களும் தென்படுகின்றன. ஆங்கிலேயர் 'ஹைவேவி' எனப் பெயரிட்ட அம்மலையில் ஹைவேவிஸ், மணலாறு, மேல்மணலாறு, மேகமலை, வெண்ணியாறு, மகாராஜாமெட்டு, இரவங்கலாறு என ஏழு சிற்றூர்கள் உள்ளன. அவை சேர்ந்ததே ஹைவேவிஸ் பேரூராட்சி.

சாலை சீரமைக்கப்பெற்ற பின்னர் அங்கே வருவோர் தொகை பெருகிவிட்டது. கொடைக்கானலின் நெரிசல் இல்லை, உதகையின் இரைச்சல் இல்லை, கடைவீதி என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை என்பதே மேகமலையின் கவர்ச்சியாகப் பேசப்படுகிறது. வருவோர் நீர்த்தேக்கக் கரையில் அமர்கின்றனர். பனி இறங்குவதைப் பார்க்கின்றனர். மகாராஜாமெட்டில் நின்று கீழே விரியும் பள்ளத்தாக்கைக் காண்கின்றனர். அமைதியை நாடி வருவோர்க்கு அது உகந்த இடம் என்பதில் ஐயமில்லை.

அவ்வமைதியை உண்டாக்கியவர் யாவர் என்பதே கேள்வி. சமவெளியில் பஞ்சமும் கடனும் துரத்தியபோது கங்காணிமாரின் சொல்லை நம்பி மலையேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்களே அவ்வேழு ஊர்களின் மக்கள். பயணி படமெடுக்கும் பச்சைச் சரிவு தானே அப்படி வளர்ந்து நிற்கவில்லை. தேயிலையைத் தன் போக்கில் விட்டால் மரமாக வளர்ந்துவிடும். இடுப்பளவில் அது நிற்பதற்குக் காரணம், காலமெல்லாம் கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகளும் முறைவைத்துக் கவாத்து செய்யும் கத்தியுமே. மழைக்காலத்தில் அட்டைக் கடிக்கு ஈடுகொடுத்து, தலையில் சாக்கைக் கவிழ்த்து நின்று பறித்த கொழுந்தை எடைக்குக் கொண்டுசெல்லும் வரிசையே அந்நிலத்தின் செய்தி. அந்த வேலை நின்ற சில ஆண்டுகளில் பட அட்டையிலுள்ள சரிவு புதராகிவிடும்.

நீர்த்தேக்கங்களும் அப்படியே. பயணியர் ஏரி என்று அழைக்கும் அவை யாவும் அணைகள். மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு முதலிய அணைகளின் நீர் சுருளியாறு மின்நிலையத்திற்கு இறங்கி 35 மெகாவாட் திறனுள்ள மின்னாக்கியைச் சுழற்றுகிறது. தூவானம் அணையின் நீரே கீழே சுருளி அருவியாக விழுகிறது. மேலே ஓய்வெடுப்பவரும் கீழே நீராடுபவரும் ஒரே நீரால் இணைக்கப்பட்டவர்கள்.

அங்கே தங்கி உழைத்தவர் கண்ட காட்சிகள் வந்துபோவோர்க்குக் கிட்டாதவை. அம்மலைத் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்த ஆங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கை ஆர்வலர் 1948இல் அங்கே வௌவால் ஒன்றைச் சேகரித்தார். அது வேறோர் இனமெனக் கருதப்பட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் பல ஆண்டுகள் கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதனை ஆராய்ந்து, உலகுக்கே புதிய பேரினம் என்று கண்டு, சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். தோட்டத்தில் நாள்தோறும் நடந்தவர் கண்ணுக்குப் பட்டதால் கிடைத்த செல்வம் அது.

வீடு யாருடையது?

கிரேக்க மீனவர்க்கும் மேகமலைத் தொழிலாளர்க்கும் உள்ள வேறுபாட்டை இப்போது எடுத்துரைக்கலாம். மீனவர்க்கு வீடு சொந்தம். மேகமலையில் தொழிலாளர் வாழும் லயன் வீடு தோட்டத்திற்குச் சொந்தம். தொழிலாளர்க்கு வீடும் மருத்துவ வசதியும் அளித்தல் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கடமையாக்கிற்று. அது பெரும் பாதுகாப்பே. ஆனால் வேலை உள்ளவரைதான் வீடு. ஓய்வுபெற்றவுடன், அல்லது குடும்பத்தில் ஒருவரேனும் வேலையில் இல்லாத நிலையில், அவ்வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். மலையில் பிறந்து மலையில் வளர்ந்து 58 வயதில் கீழே இறங்கிச் சின்னமனூரிலோ கம்பத்திலோ வாடகை வீடு தேடுவது தோட்டத் தொழிலாளர் பலரின் வாழ்க்கைக் கதை.

அத்தகையவர் தம் வீட்டின் ஓர் அறையைப் பயணிக்கு வாடகைக்கு விட இயலுமா? திண்ணையில் மேசையிட்டுச் சோறு விற்க இயலுமா? சுவரும் திண்ணையும் அவருடையவை அல்ல. ஆகவே மேகமலைக்குப் பயணி கொண்டுவரும் காசு, தங்கும் விடுதி உடையவரிடமும் வண்டி உடையவரிடமும் சென்று சேர்கிறது. தேநீர்க் கடை வைத்திருக்கும் ஓரிருவர்க்கும் வழிகாட்டியாகச் செல்லும் சில இளைஞர்க்கும் கொஞ்சம் கிடைக்கிறது. ஒரு நாள் அறை வாடகை, கொழுந்து பறிக்கும் பெண்ணின் பல நாள் கூலிக்கு ஈடாக இருப்பதை அங்கே கண்கூடாகக் காணலாம். ஓய்வுக்கும் உழைப்புக்கும் இடையே ஒரு வேலிதான் உள்ளது. காசு அவ்வேலியைத் தாண்டுவது அரிதாக இருக்கிறது.

இதனைப் பயணியின் குற்றமாகக் கூறுவது பொருந்தாது. நிலவுரிமை அமைந்த முறையே இதற்குக் காரணம். மீனவர் ஊரிலும் திராட்சைப் பந்தலிலும் வருகை நன்மை செய்தது. மேகமலையில் அதே வருகை உழைப்பவரை ஒதுக்கிச் செல்கிறது. வந்தவர் நல்லவரா தீயவரா என்பதைவிட, வீட்டின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதே பயனைத் தீர்மானிக்கிறது.

யானை காட்டிய வழி

மலைக்கு இன்னோர் உரிமையாளரும் உண்டு. 2009இல் மேகமலை வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் நாட்டின் 51ஆவது காப்பகமாக உருவாயிற்று. காட்டுவிலங்கின் உரிமையை ஏட்டிலன்றி நேரில் உணர்த்தியது அரிசிக்கொம்பன் என்னும் யானை. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் அரிசிக்காக நியாயவிலைக் கடைகளையும் வீடுகளையும் உடைத்ததால் அப்பெயர் பெற்ற அந்த யானையை, 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டனர். மே மாதத்தில் அது மேகமலைக்கு வந்தது. பயணியர் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. விடுதிகள் வெறிச்சோடின. ஆனால் கொழுந்து பறிப்போர் எங்கே போவர்? அவர்கள் யானை நடமாடும் அதே சரிவில்தான் வாழ்ந்தாக வேண்டும். மே 27 அன்று யானை கம்பம் நகருக்குள்ளேயே புகுந்தது. அன்று காயமுற்ற முதியவர் ஒருவர் பின்னர் உயிரிழந்தார். சூன் 5 அன்று அது மீண்டும் பிடிக்கப்பட்டுக் களக்காடு-முண்டந்துறைக் காட்டில், கோதையாற்றின் மேற்பகுதியில் விடப்பட்டது.

அங்கிருந்து அது அவ்வாண்டு செப்டம்பரில் மாஞ்சோலைத் தோட்டப் பகுதிக்கு வந்துபோயிற்று. மாஞ்சோலையின் நிலையை மேகமலை கூர்ந்து நோக்குதல் வேண்டும். சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 8,374 ஏக்கர் நிலத்தை 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற பம்பாய் பர்மா வணிக நிறுவனம், குத்தகை 2028இல் முடியவிருக்கும் நிலையில், 2024 சூன் மாதத்தோடு வேலையை நிறுத்தியது. நான்கைந்து தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் விருப்ப ஓய்வில் கையொப்பமிட்டு வீட்டைக் காலி செய்யும்படி கூறப்பட்டனர். பலர் நீதிமன்றத்தை நாடினர். அம்மலைத் தொழிலாளரின் கூலிக்காக 1999 சூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த பேரணியில் 17 உயிர்கள் தாமிரபரணியில் பலியானதை நாடறியும். அத்தனை இழந்து பெற்ற வாழ்வுக்கும் மலையில் ஒரு சென்ட் நிலம் மிஞ்சவில்லை.

மேகமலைத் தோட்டங்களின் நிலவுரிமை வரலாறு மாஞ்சோலையின் வரலாறு அன்று. அங்கு நடந்தது அப்படியே இங்கும் நடக்கும் என்று கூறுவதற்கில்லை. ஆனால் தேயிலைத் தொழில் தளர்ந்தால், காட்டுக்குப் பேச வனத்துறை உண்டு. பயணிக்குப் பேச விடுதியாளர் உண்டு. செய்தி இழந்த மக்களுக்குப் பேச யார் உளர்?

செய்யத்தக்கவை

முதலாவதாக, வருகைக்கு ஓர் அளவு வேண்டும். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி மின்னணு அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. அங்கே நெரிசல் முற்றிய பின் வந்த மருந்து அது. மேகமலையில் நோய் முற்றுமுன் அதனைச் செய்யலாம்.

இரண்டாவதாக, வருவோரிடம் பெறும் கட்டணத்தில் ஒரு பங்கு ஏழு ஊர்களின் பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் பேருந்துக்கும் செல்லுமாறு பேரூராட்சி வழி வகுக்கலாம். தேக்கடியில் வயணப்பட்டை உரித்தவர்க்குக் கிட்டிய வாய்ப்பு, தேயிலை பறித்தவரின் மக்களுக்கும் கிட்டவேண்டும். காட்டின் தடமும் பறவையின் குரலும் அவர்கள் அறியாதவை அல்ல.

மூன்றாவதாகவும் முதன்மையாகவும், ஓய்வுபெறும் தொழிலாளர்க்குச் சொந்தமாக ஒரு வீடு வேண்டும். மலைமேல் காட்டுச் சட்டங்கள் இடந்தராவிடின் அடிவாரத்திலேனும் அது அமைதல் வேண்டும். வாழ்நாள் முழுவதும் பிறர் கண்ணுக்குப் பசுமையை வளர்த்தவர், முதுமையில் கூரையைத் தேடி அலைவது எந்த விருந்தினர்க்கும் பெருமை தராது.

பயணிக்கும் ஒரு கடமை உண்டு. வெற்றுப்புட்டியை எறியாதிருத்தல் மட்டும் போதாது. தேயிலைச் சரிவில் நிற்கும் பெண்ணைப் படமெடுக்குமுன் அவர் முகம் நோக்கி இசைவு கேட்கலாம். அவருடைய ஊர்க் கடையில் ஒரு தேநீராவது அருந்தலாம். புனத்திற்குள் நுழைந்த அகத்தலைவன், அப்புனம் யாருடைய காவலில் உள்ளது என்பதை அறிந்தே நுழைந்தான்.

இறுதியாக, இலக்கிய வட்டங்களுக்கும் பணி உண்டு. பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்னும் நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு வந்தபின், ஆனைமலைத் தோட்டத் தொழிலாளரின் துயரம் பலர் அறியத்தக்கதாயிற்று. மேகமலையின் ஏழு ஊர்களும் அத்தகைய எழுத்தை வேண்டி நிற்கின்றன. எந்த ஊரிலிருந்து யார் மலையேறினார்கள், எப்பாட்டைப் பாடிக் கொழுந்து பறித்தார்கள், எந்தச் சரிவுக்கு என்ன பெயர் இட்டார்கள் என்பவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராகக் கீழே இறங்கி, சின்னமனூர்ச் சந்துகளில் வாழ்கின்றனர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதுவதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். நிலத்தின் அழகைப் படங்கள் காத்துக்கொள்ளும். அந்நிலத்தின் செய்தியைக் காக்கும் பொறுப்பு எழுத்தைச் சார்ந்தது. பத்தாண்டு நிறைவு செய்யும் இவ்வட்டம் தன் அடுத்த பத்தாண்டின் முதற்பணியாக இதனை மேற்கொள்ளுமாயின், பள்ளத்தாக்கு மலைக்குப் பட்ட கடனில் ஒரு பகுதி தீரும்.